ஆசாரிக்குத் தெரியக்கூடாத நாற்காலி

அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டது எண்பதுகளின் நடுவில். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, பிரித்தும் ஆயிற்று. கம்பு ஊன்றி நடந்தாள். ஆனால் முழங்கால் மடங்கவில்லை. மற்றதையெல்லாம் சமாளித்துவிடலாம், கொல்லைப்புறக் கக்கூசில் குத்தவைத்து உட்கார முடியாதே. நான் ஒரு பக்கம், பக்கத்து வீட்டு அத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்பா போன பிறகு வீட்டையும் தறியையும் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு எங்கள் கைகளில் தொங்குவாள். அத்தையைக் கூப்பிட வேண்டிவருமே என்று சாப்பாட்டையே குறைத்துக்கொண்டாள். ராத்திரிச் சோறு வேண்டாம் என்பாள், காபி வேண்டாம் என்பாள். கன்னம் ஒட்டிப்போயிற்று.

நடுவில் இடைவெளி விட்டு ஒரு நாற்காலி செய்து அங்கே போட்டுவிட்டால் போதும், ஆசாரியிடம் சொல்கிறேன் என்றேன். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"ஆசாரிகிட்டப் போயி என்னன்னு சொல்லுவ? எதுக்குன்னு கேப்பான்ல? நாளைக்குச் சின்னாளபட்டி பூராம் தெரியணுமாக்கும். போடி பேசாம."

ஆசாரிக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதானே? நானே செய்கிறேன் என்று இறங்கிவிட்டேன். பிடிவாதக்காரி என்று எனக்கு ஏற்கெனவே பேர் உண்டு. எனக்கு வரன் பார்த்த தரகரே அதைச் சொல்லித்தான் பெருமூச்சு விடுவார்.

தம்பி வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தான். வார லீவுக்கு வந்தவனைப் பிடித்துக்கொண்டேன். பரணில் உடைந்த வேப்பங்கட்டில் கிடந்தது. அதன் கால்களும் சட்டங்களும் நாற்காலிக்கு ஆயின. உட்காருவதற்குப் பழைய மரப்பெட்டியைப் பிரித்தெடுத்த பலகை, நடுவில் இடைவெளி விட்டு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஆணியும் ஸ்குரூவும் கடையில் வாங்கியவை. தம்பி ஸ்குரூவைச் சுத்தியலால் அடித்து இறக்கி, கடைசியில் மட்டும் ஒப்புக்கு இரண்டு திருகு திருகினான்.

"ஏலே, திருகத்தான அதுல மரை வச்சிருக்கு? நீ என்ன ஆணி கணக்கா அடிக்கிற?"

"ஆசாரிங்களே இப்படித்தான்க்கா அடிக்கிறாங்க. சும்மா இரு."

பொழுது சாய்வதற்குள் நாற்காலி நின்றது. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. அம்மா மனசில்லாமல் வந்து உட்கார்ந்து இடது பக்கம் சாய்ந்தாள். படக்கென்று சத்தம். பலகை பிளந்து, கால் அகன்று, அம்மா சரிந்தாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டதால் கீழே விழவில்லை. ஆனால் அடியில் துருத்திக்கொண்டிருந்த ஆணி முனை புடவையைக் கிழித்து, தொடையிலும் கோடு போட்டுவிட்டது. அதுவும் முறிந்து கூடிய தொடை.

"இன்னொருக்க விழுந்தேன்னா என்னைப் பாடையிலதான் தூக்கணும். இந்தச் சனியன அடுப்புல வையி."

தம்பி முகம் தொங்கிப்போய் பஸ் ஏறினான். நான் அதை அடுப்பில் வைக்கவில்லை.

மறுநாள் தறியை விட்டு எழுந்ததும் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டேன். பாவில் ஓர் இழை அறுந்தால், ஏன் அறுந்தது என்று பார்க்காமல் முடிச்சுப் போடுகிறவள் மறுபடியும் அதே இடத்தில் முடிச்சுப் போட வேண்டியதுதான். மரத்துக்கு மட்டும் வேறு நியாயமா என்ன?

பலகை ஆணி வரிசையோடு நேராகப் பிளந்திருந்தது. மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறதோ, அதே கோட்டில் எல்லா ஆணிகளையும் விளிம்போரமாக அடித்து வைத்திருந்தோம். விரிசல் எட்டாமல் ஓர் இடம் மட்டும் நன்றாக இருந்தது. அங்கே இருந்தது பெட்டியிலிருந்து பிடுங்கிய பழைய ஆணி. உருவிப் பார்த்தேன், முனை மழுங்கியிருந்தது. எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது. கூரான ஆணி மரத்தைப் பிளந்துகொண்டு போயிருக்கிறது, மழுங்கல் ஆணி நசுக்கிக்கொண்டு போயிருக்கிறது. புது ஆணிகளையெல்லாம் கல்லில் வைத்து முனையில் ஒரு தட்டுத் தட்டி, வேறு பலகையில் ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி அடித்தேன்.

ஸ்குரூக்கள் விரலாலேயே கழன்று வந்தன. அடித்த அடியில் ஓட்டைக்குள் மரம் தூளாகி, மரை பிடிக்க ஒன்றுமே மிச்சமில்லை. தம்பியையும் அவன் பார்த்த ஆசாரிகளையும் சேர்த்து வைத்துத் திட்டினேன். தீக்குச்சிகளின் மருந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மரப்பசையில் தோய்த்து ஓட்டைகளில் நெருக்கித் திணித்தேன். காய்ந்த பிறகு, சைக்கிள் சக்கரத்துக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மெல்லிய துளை போட்டேன். அப்படியும் ஸ்குரூ பாதியில் நின்று முரண்டு பிடித்தது. விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டால் சோப்புப் போடுகிறோமே என்று தோன்ற, சோப்பில் தேய்த்துத் திருகினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. சட்டங்களின் நுனியில் அடித்த ஆணிகளும் பல் ஆடுவதுபோல ஆடின. அங்கெல்லாம் மூலைக்கு மூலை கட்டை கொடுத்துத் திருகி இறுக்கினேன்.

உள்ளங்கை கொப்பளித்துத் தறியில் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்க முடியவில்லை. அம்மா கட்டிலில் கிடந்தபடியே முணுமுணுத்தாள்.

"பொண்ணு பாக்க வாரவக இந்தக் கையப் பாத்தா என்ன நெனப்பாக?"

"நாற்காலி செய்யத் தெரிஞ்ச பொண்ணுன்னு நெனச்சுக்கிடட்டும்" என்றேன்.

அடுத்த லீவுக்குத் தம்பி வந்தபோது, அவனை உட்காரவைத்து முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னேன். அம்மா சாய்ந்த பக்கமாகவே சாயச் சொன்னேன். நாற்காலி அசையவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ஆணி முனைகளை மடக்கி அடித்திருந்தேன், ஆனால் கொப்பளித்த கைக்குப் பலகையில் நிற்கும் சிறு முள் தட்டுப்படாது. கழிவு நூலில் ஒரு கொத்து எடுத்துப் பலகையின் மேலும் அடியிலும் இழுத்துக்கொண்டே போனேன். எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே அரம். கடைசியில் எங்கும் மாட்டவில்லை.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "கொண்டா இங்க" என்று நூலை என் கையிலிருந்து பிடுங்கினாள். ஓரம் ஓரமாக அவளே இழுத்துப் பார்த்தாள். ஒரு மூலையில் இழை நின்றது.

"இந்தா, இங்க ஒண்ணு நிக்கிது பாரு. என்னத்தப் பாத்த?"

அதையும் ராவினேன். அவள் மறுபடி இழுத்தாள். பிறகு கம்பை ஊன்றி எழுந்து வந்து உட்கார்ந்தாள். வேண்டுமென்றே இடது பக்கம் முழு உடம்பையும் சாய்த்தாள். நான் அவள் இடுப்பைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு கிறீச்சுச் சத்தம்கூட இல்லை.

"தூக்கிட்டுப் போயி உள்ள வைங்க."

தம்பியும் நானும் கக்கூசுக்குள் கொண்டுபோய் வைத்தோம். வழக்கம்போல அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "நீங்க இருங்க மதினி" என்று அம்மா அவள் கையை விலக்கினாள். நான் பின்னாலேயே நுழையப் போனேன்.

"நீ எங்க வார? வெளிய போடி."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அம்மா விழுந்த நாளிலிருந்து அந்தத் தாழ்ப்பாளை யாரும் உள்ளேயிருந்து போட்டதில்லை. அத்தை என்னைப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஏதாவது சத்தம் கேட்டால் கதவை உடைத்தாவது போய்விட வேண்டும் என்று அங்கேயே நின்றோம். உள்ளேயிருந்து அம்மாவின் பழைய அதட்டல் வந்தது.

"கதவுகிட்ட என்ன கூட்டம்? செத்த தள்ளிப் போய் நில்லுங்கடி."

நாங்கள் தள்ளிப் போய் நின்றோம்.