சலூன்காரரின் ஏழரை

சலூன்காரர் தன் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கத்தரிக்கோல் தானாக நின்றுவிடும். பாதி வெட்டிய தலையோடு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். வேலை விட்டு வந்ததும் பைனாகுலரோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். இருக்குமிடம் தெரியாமல் கிடந்த ஒரு நட்சத்திரம் திடீரென்று வெடித்துப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. நோவா என்பார்கள். அதன் வெளிச்சத்தைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, தினமும் ஓர் எண் போட்டு, வானம் பார்ப்பவர்களின் சங்கத்துக்கு அனுப்புவார். காலணா வருமானம் கிடையாது. சங்கத்தின் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் வரும், அவ்வளவுதான்.

அந்தப் பெயரைப் பார்த்து சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

“போன வாரம் ஆறு, நேத்து ஏழு! நட்சத்திரம் கிடுகிடுன்னு ஏறுது,” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அளந்தார். பஸ் டிரைவர் ஒருவர்தான் லேசில் விடவில்லை.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேர் வர்றோம். காட்டுங்க பாப்போம்.”

“தாராளமா வாங்க!”

அதற்குள் கண்ணாடிக் கடை அம்மாளுக்கே கண்வலி வந்துவிட்டது. இரண்டு கண்ணும் சிவந்து தண்ணீராகக் கொட்டியது.

“என்னங்க, இன்னிக்கு நீங்க பாத்துச் சொல்லுங்க,” என்று கணவரை மாடிக்கு அழைத்துப்போனார். “நம்ம நட்சத்திரத்துக்கு மேல இருக்கிறது ஏழு, கீழ இருக்கிறது எட்டு. நம்மளது எது மாதிரி இருக்கு?”

பார்த்தவர் பைனாகுலரைச் சட்டென்று இறக்கினார். “ஏம்மா, ஏழை விட எட்டு மங்கலா இருக்கே?”

“ஆமா. நம்பர் ஏறினா வெளிச்சம் கம்மின்னு அர்த்தம். வெடிச்சது மங்கத்தானே செய்யும்?” அந்த அம்மாள் கணவரின் முகத்தைப் பார்த்தார். “கடையில என்ன சொல்லி வச்சிருக்கீங்க?”

சலூன்காரர் எல்லாவற்றையும் சொன்னார். “வெளிச்சம் ஏறின மாதிரி ஆறுன்னு போட்டுடேன். ஞாயித்துக்கிழமை என் மானம் போயிடும்.”

“உங்க மானத்துக்காக வானத்த மாத்த முடியுமா? பாத்தது நீங்க. உங்க பேர்லதான் அனுப்பப்போறேன்.”

தன் பெயர் என்றதும் அவர் பைனாகுலரை மறுபடி தூக்கினார். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, கழுத்து வலிக்கும்வரை பார்த்தார். ஒரு பக்கக் கிருதா மயிரிழை நீண்டாலும் கண்டுபிடிக்கிற கண் அது. இரண்டு நட்சத்திரங்களுக்கும் சரியாக நடுவில் இருந்தது வெளிச்சம்.

“ஏழரை,” என்றார் ஈனஸ்வரத்தில். “எனக்குப் பிடிச்சிருக்கிற சனியும் அதுதான்.”

ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் டிரைவர் சொன்னபடி நாலு பேராக மாடியில் வந்து நின்றார். அவர்கள் பைனாகுலரைத் தொடுவதற்கு முன்பே சலூன்காரர் போட்டு உடைத்துவிட்டார். “ஏறல, இறங்குது. நான்தான் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டேன்.”

“அப்போ இத்தன நாளா எங்க காதுல பூ சுத்தினீங்களா!” டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். சலூன்காரர் அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, கண் தெளிந்துவிட்ட மனைவியிடம் பைனாகுலரை நீட்டினார்.

அந்த அம்மாள் வாங்கவில்லை.

“நீங்களே பாத்துச் சொல்லுங்க,” என்றார், நாலு பேருக்கும் கேட்கும்படி. “நான் அனுப்பிடுறேன்.”

சிரிப்பு நின்றது. சலூன்காரர் அவசரப்படாமல் பார்த்தார்.

“ஏழே முக்கால்,” என்றார். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அந்த அம்மாள் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதை அப்படியே அனுப்பினார்.