மூடாத வேர்நுனி

ஈரம் காயாத ஒரு சின்ன எக்ஸ்ரே படத்தை எங்கள் பல் டாக்டரம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த காட்சி இன்னும் என்னை விடவில்லை. பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் பல் பிரிவில் எக்ஸ்ரே படம் எடுப்பது என் வேலை. எத்தனை எடுத்தேன், எத்தனை பாழாயிற்று என்று எண்ணாமல் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை.

அன்று ஒரு பெண்ணையும் அவள் அம்மாவையும் பெண் காவலர் அழைத்து வந்திருந்தார். அம்மா கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறவர். மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். சின்னப் பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிறார்கள் என்று யாரோ தகவல் சொல்லியிருந்தார்கள். அம்மா பிறப்புச் சான்றிதழை நீட்டினார். நான் விரல்விட்டு எண்ணினேன்: பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். "கணக்கு சரியா இருக்கே, படம் எதுக்கு?" என்று முணுமுணுத்தேன். "உங்க கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும் அண்ணாச்சி. பல்லையும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றார் டாக்டரம்மா.

படத்தில் ஞானப்பல் தாடைக்குள் தலை மட்டும் உருவாகி, வேர் விடாமல் கிடந்தது. அதற்கு முந்தைய கடைவாய்ப் பல்லின் வேர்நுனிகள் மூடாமல் திறந்திருந்தன. பதினெட்டில் அவை மூடியிருக்க வேண்டும். "இன்ன வயசுன்னு ஒத்தை எண்ணா பல்லு சொல்லாது. பதினாலுலேருந்து பதினாறுக்குள்ள. பதினெட்டு இல்லவே இல்ல" என்றார் டாக்டரம்மா. ஒற்றை எண் கிடைக்காதது அன்று முழுதும் என்னை உறுத்தியது.

காவலர் அதட்டுவதற்குள் டாக்டரம்மா அந்த அம்மாவை உட்கார வைத்து, "சான்றிதழ் யாருக்கு உள்ளது, அக்கா?" என்று கேட்டார். "மூத்தவளுக்கு உள்ளது. ஒரு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. இவ மலை எஸ்டேட்டுல வீட்டுலயே பொறந்தா, எந்த வருசம்னு நெனவில்ல. போனவ பேரையே இவளுக்கும் வச்சோம். பேரு ஒண்ணுதானன்னு பள்ளிக்கூடத்துலயும் இதையே குடுத்தோம்." இறந்த பிள்ளையின் பேரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கம் உண்டு. இவளுக்குப் பேரோடு வயதும் வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் பொரிந்தாள்: "அதான் வகுப்புல நான் மட்டும் குட்டையா நின்னேனாக்கும்? எல்லாவளும் குள்ளச்சின்னுல்லா சிரிச்சாளுவ!"

அம்மா எழுந்து கைகூப்பினார். "கல்யாணம் நின்னா நிக்கட்டும். அந்தக் காயிதத்த மட்டும் குடுத்துருங்கம்மா. மூத்தவ பொறந்தான்னு சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு. ஒரு போட்டோகூட எடுக்கல." காவலர் வெளியே போய், தாமே நகல் எடுத்துக்கொண்டு வந்து, அசலை அவர் கையில் கொடுத்தார். பெண் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஓட்டை எப்பம் மூடும்?" "நாளிருக்கு. என்ன அவசரம் ஒனக்கு?" என்றார் டாக்டரம்மா. "எனக்கு என்ன அவசரம்? அவுகளுக்குத்தான்" என்று அம்மாவைக் காட்டினாள்.

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். ஜன்னல் இல்லாத அறை. என் தாடை முழுவதும் கணினித் திரையில் தெரிந்தது. நான் பத்தொன்பது பற்கள் என்று எண்ணிக்கொண்டு போனேன், படம் எடுத்த பையன் பதினெட்டு என்கிறான். அவனோடு மல்லுக்கட்ட மனம் வரவில்லை. என் வேர்நுனிகள் எப்போதோ மூடிவிட்டன. அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பத்திரண்டிலிருந்து முப்பத்து நான்குக்குள் இருக்கும். ஒற்றை எண்ணாகச் சொல்ல எனக்கும் வராது. அவள் அக்காவின் வயதை மட்டும் பிசகாமல் சொல்வேன். முப்பத்தாறு.