தொடத்தான் செஞ்சேன்

தொடாதே என்று யாராவது சொன்னால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு நெய்வேலியில் லேப் வேலை. சுரங்கத்திலிருந்து வரும் லிக்னைட்டை, அந்தப் பழுப்பு நிலக்கரியை, நசுக்கி, ஓவனில் காயவைத்து, எவ்வளவு தண்ணீர் போனது என்று எடை போட வேண்டும். புதுக்கட்டி ஊறின மரம் மாதிரி ஜில்லென்று இருக்கும், நகம் இறங்கும். அதைக் கையில் வைத்திருப்பதே ஒரு சுகம். அந்தச் சுகத்தை எழுத எந்த ரிப்போர்ட்டிலும் இடம் கிடையாது. அதனால் குவார்ட்டர்ஸ் கொல்லையில் உட்கார்ந்து ஒரு பலகை செய்தேன். ஒரு ஓரம் சுரங்கத்து வெள்ளைக் களிமண், மறு ஓரம் சாம்பல், நடுவில் லிக்னைட். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்க வேண்டிய பலகை. கண்ணால் பார்த்தால் அதில் ஒன்றுமே இருக்காது. "கொல்லை பூரா குப்பை" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். கட்டிகளை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துக் காயாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

கம்பெனி கிளப்பில் கலைக் கண்காட்சி வந்தது, பலகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளப் செயலாளர் கம்பெனியில் பெரிய அதிகாரி. "இது ஓவியமா, கைவேலையா?" என்றார்.

"தொட்டுப் பாக்கறது, சார்."

அவர் அதன்மேல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்தார். பளபளப்பாகத் தெரியட்டும் என்று உள்ளே பெரிய பல்பு ஒன்றைப் போட்டார். பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று போர்டு வேறு!

"சார், பல்பு சூட்டுல கரி காஞ்சு வெடிச்சுடும்."

"ஏம்மா, லிக்னைட்டைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? பூமிக்கடியில காலங்காலமா கெடந்தது, ஒரு பல்புக்கா பயப்படும்?"

மறுநாள் போனேன். நடுவில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "சரியா செய்யத் தெரியலை, பாவம்" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷன். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு ஓடி ஈரச்சாக்கைத் தூக்கி வந்தேன். பல்பை அணைத்தேன், கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தேன், போர்டைக் கவிழ்த்துப் போட்டேன். உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டுப் புதுக்கட்டிகளை வைத்து அழுத்தினேன். "வாங்க, தொட்டுப் பாருங்க!" என்று கூப்பிட்டேன்.

யாரும் அசையவில்லை. கடைசியில் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா கை வைத்தார். அவர் புருஷனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. "எங்க வூட்டுக்காரரு சட்டையில ஒட்டிக்கினு வர்றது இதுதாங்களா? தொவைச்சுத் தொவைச்சுக் கை தேஞ்சதுதான் மிச்சம். இம்மாம் மெத்துனு இருக்குதே!" என்றார். கையை எடுக்க அவருக்கு மனசே வரவில்லை. அப்புறம் வரிசை கட்டிவிட்டார்கள். கூடமெல்லாம் சிரிப்பு, வெள்ளைச் சுவரெல்லாம் கரி விரல்கள்.

செயலாளர் வேகமாக வந்தார். "சுவரைப் பாரு! உடனே எடு இதை!"

"எடுக்க மாட்டேன், சார்."

"நீ இங்க வேலை பாக்கறவ. யோசிச்சுப் பேசு."

நான் விடவில்லை. "என் வேலையில குறை இருந்தா லேப்ல கேளுங்க. இது என் பலகை. வேணாம்னா நீங்களே எடுங்க."

பியூன்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்து, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தார். கட்டைவிரல்கள் ஈரக்கரியில் இறங்கின. தூக்கவில்லை. அப்படியே நின்றார்.

"இவ்வளவு ஈரமாவா இருக்கும்?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"சீக்கிரம் பாருங்க, சார்," என்றேன் நான். "பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."