புலிக்குப் பதில் நரி

வெள்ளவத்தையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த காலத்தில், ஒரு சிறுவர் கதையை இசை நாடகமாக்கினேன். குளத்துக்கு வரும் புலியைக் கண்டு மானும் முயலும் ஓடுகின்றன. அதுவும் தாகத்தோடுதான் வந்தது என்று தெரிந்ததும் எல்லாம் சேர்ந்து பாடுகின்றன. அவ்வளவுதான் கதை.

புலியாக நடித்தவள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தாயோடு லொட்ஜில் தங்கியிருந்த எட்டு வயதுப் பிள்ளை. கணீரென்ற குரல். "நான்தான் புலி, வழி விடு" என்று அவள் எடுத்தால் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை மேடையேறி "நான்தான் புலி" என்று பாட முடியுமா என்று எனக்கு உறைக்கவே இல்லை. நாடகத்தன்று பொலிஸிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார் என்று மண்டபத்துக்காரர் சொன்ன பிறகுதான் பாட்டில் புலியை அடித்துவிட்டு வேறு மிருகம் தேடினேன். தேசியக் கொடியில் இருக்கும் சிங்கத்தைப் போட்டால் அது வேறு வம்பு. கரடி தாளத்தில் உட்காரவில்லை. நரி உட்கார்ந்தது. இரண்டெழுத்துக்கு இரண்டெழுத்து என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிள்ளையின் வாய்க்குப் புலிதான் பழகியிருந்தது. நாடகத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போதும் மறந்துபோய் அப்படியே பாடினாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சோதனைச் சாவடிகளில் என்னைவிட அதிகம் நின்றவள், விளங்கிக்கொண்டிருப்பாள். ஒரு சின்னப் பிள்ளையிடம் பயத்தை ஒப்புக்கொள்வதா என்ற வீம்பு எனக்கு. அடுத்து நான் சொன்னதை எழுதவே கூசுகிறது.

"பிள்ளையின்ர குரல் இதுக்குச் சரிவராது. பிள்ளை மரமா நில்லுங்கோ."

"நான் இனிப் பிழைவிடமாட்டன் ரீச்சர்."

"பிழைக்காகச் சொல்லேல்லை. குரல் காணாது."

வேறொரு பிள்ளை நரியானாள். நாடகம் நன்றாகவே நடந்தது. பொலிஸ்காரர்கூடக் கைதட்டினார். எல்லாரும் சேர்ந்து பாடும் கடைசிப் பாட்டில், பின்வரிசையில் கைகளை விரித்து நின்றவளைப் பார்த்தேன். வாயை இறுக மூடியிருந்தாள்.

முடிந்ததும் தாய் அவளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இப்ப அறையிலயும் பாடுறேல்லை ரீச்சர். தனக்குக் குரல் இல்லையாம், நீங்கள் சொன்னதாம். நாங்கள்தான் தெரியாமல் நல்ல குரலெண்டு புளுகிக்கொண்டு திரிஞ்சிருக்கிறம்."

மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குரல் இல்லையெண்டு தெரிஞ்சும் ஒதுக்காமல் மேடையில ஏத்தினீங்கள். பெரிய உபகாரம்."

அதுக்கென்ன அம்மா என்று சொல்லி, அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.