ஏழுமலையின் இடது முழங்கால்

ஹைதராபாத் மாதாப்பூரில் என் மகள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக் இருக்கிறது. படி இறங்கும்போது முழங்கால் 'களுக்' என்கிறது என்று ஒருநாள் வாய்தவறி உளறிவிட்டேன். மறுநாளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே சின்னப் பெண் ஒருத்தி டேப்லெட்டுடன் என் எதிரில் வந்து நின்றாள்.

"எந்தக் கால் அங்கிள்? லெஃப்டா, ரைட்டா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "எதிர்ல நின்னு எழுதாதம்மா, என் பக்கத்துல வந்து உக்காந்து எழுது" என்றேன். கோளாறு முழங்காலோடு நிற்கவில்லை, மேலேயும் ஏறியிருக்கிறது என்று அந்தப் பெண் முடிவு செய்திருப்பாள். அவளுக்கு விளக்க நேரமில்லை. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த வாசனை. அங்கே யாரோ ஒருவருடைய கணுக்காலுக்கு ஸ்ப்ரே அடித்தார்கள், பெப்பர்மிண்ட் மிட்டாய் மாதிரி. அதெல்லாம் ஒரு மருந்தா? எங்கள் கோச் கரீம் பாய் கடுகெண்ணெயில் பூண்டும் கற்பூரமும் போட்டுக் காய்ச்சுவார். அதைத் தடவிக்கொண்டு ஒருவன் ஆபீசுக்குள் நுழைந்தால் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு ஜலதோஷம் விட்டுப்போகும். எங்கள் பர்சனல் செக்‌ஷனில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த வாசனைதான். காரணம் ஏழுமலை.

ஏழுமலை எங்கள் கம்பெனி ஃபுட்பால் டீமின் இன்சைட் ரைட், முன்வரிசையில் வலப்பக்கம் ஆடுகிறவன். கம்பெனி என்றால் சர்க்கார் கம்பெனி. அறுபதுகளின் கடைசி. அன்றைய ஹைதராபாத்தில் சர்க்கார் ஃபாக்டரி என்று ஒன்று இருந்தால் சைரன், கேண்டீன், ஃபுட்பால் டீம் மூன்றும் இருந்தாக வேண்டும். நன்றாக ஆடுகிறவனைப் பிடித்து வந்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிளார்க் ஆக்கிவிடுவார்கள். காலையில் மைதானம், பதினோரு மணிக்கு மேசை, மூன்று மணிக்கு மறுபடி மைதானம். நடுவில் ரெண்டு அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால். என்னைப் போலப் படித்துப் பரீட்சை எழுதி வந்தவர்களுக்கு முட்டை கிடையாது. அந்தக் கடுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.ஏ., அதற்கு மேல் டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு. லோத்குண்டாவிலிருந்து சைக்கிளில் வருவேன். முனை கூரான ஷூ, நெற்றியில் விழுகிற மாதிரி ஒரு முடிக்கற்றை. சாவிகளைப் பார்க்காமல் அடிப்பேன். எதிர் மேசைக்காரனிடம் சினிமாக் கதை சொல்லிக்கொண்டே அடிப்பேன். அந்தத் திமிர்தான் இந்தக் கதைக்கே மூலம்.

ஏழுமலை லாலாகுடா ரயில்வே காலனிக்காரன். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர். பந்து ஏழுமலை காலுக்கு வந்தால் அழுகிற குழந்தை அம்மா இடுப்புக்கு வந்த மாதிரி அடங்கிப் போகும். எதிராளி இடப்பக்கம் பாய்ந்து விழுந்து, எழுந்து மண்ணைத் தட்டும்போது இவன் இன்னும் அதே இடத்தில் நின்று அவனைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆனால் உடம்பு? ஆண்டவன் காலைச் செய்துவிட்டு மீதியை அவசரத்தில் ஒட்டிவிட்டான் போலிருக்கிறது. முதல் சீசன் இரண்டாவது மேட்ச்சில் கணுக்கால். அது தேறி வந்து ஒரு கோல் போட்டான். சந்தோஷத்தில் பத்து பேரும் மேலே விழுந்ததில் காறை எலும்பு. அது கூடிய வாரம், டீம் போட்டோவுக்கு பெஞ்சில் ஏறி நின்றபோது பெஞ்ச் கவிழ்ந்து மணிக்கட்டு. போட்டோவில் அவன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இடைவெளி மட்டும் இருக்கும்.

"மச்சான், எனக்கு கிரவுண்ட்ல அடிபட்டதைவிட கிரவுண்டுக்கு வெளிய பட்டதுதான்டா ஜாஸ்தி" என்பான்.

எல்லோரும் சிரிப்போம். ஆனால் அவனுக்கு ஒரு கண்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவனுக்கு இரண்டு வருஷம் ப்ரொபேஷன். அதற்குள் ஒழுங்காக ஆடினால்தான் வேலை நிரந்தரம். அந்த மார்ச்சில் அவன் அப்பா ரிட்டயர் ஆகிறார். ரயில்வே குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஏழுமலைக்கு வேலை நிரந்தரமானால் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இல்லையென்றால் அம்மா, அப்பா, இரண்டு தங்கைகளோடு தெரு.

அந்த டிசம்பரில் ஒரு லீக் மேட்ச்சில் அவன் வலது முழங்கால் திருகிக்கொண்டது. அதிலும் ஒரு வழி இருந்தது. கம்பெனி மேட்ச்சில் ஆடுவது டியூட்டிக் கணக்கு. எனவே அடிபட்டால் அது டியூட்டியில் நடந்த விபத்து. ஆக்சிடெண்ட் ரிப்போர்ட் ஒழுங்காகப் போனால் தலைமை ஆபீசிலிருந்து மெடிக்கல் போர்டு வரும், காலைப் பார்க்கும், ஆறு மாதம் ஓய்வு கொடுக்கும், வேலையையும் நிரந்தரம் ஆக்கிவிடும். ரிப்போர்ட் அடிக்க வேண்டியவன் அடியேன்.

ஏழுமலை என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்தான். கரீம் பாய் எண்ணெய் வாசனையில் எனக்குக் கண்ணில் தண்ணீர். "எந்தக் கால்டா?" என்றேன். "இதாண்டா" என்று தொட்டுக் காட்டினான். எனக்கு எதிரே, என் இடது கைப்பக்கம் இருந்தது அந்தக் கால். அடித்துத் தள்ளினேன்: இடது முழங்கால். ஆறு நகல். இங்கிலீஷ் என்பதால் அவன் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். அடித்தவன் கெட்டிக்காரனான நான் என்பதால் மற்றவர்களும் படிக்காமல் போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஜனவரி கடைசியில் மெடிக்கல் போர்டு வந்து ஏழுமலையின் 'இடது முழங்காலை'ப் பரிசோதிக்கும். அப்போதுதான் உறைத்தது, என் இடது அவனுக்கு வலது. ஹெட் கிளார்க் வரதராஜுலு மேசைக்கு ஓடினேன். பிரிட்டிஷ்காரன் காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். அவருக்கு மனிதர்களைவிட ஃபைல்கள் மேல் பாசம் அதிகம்.

"திருத்தம் அனுப்பிரலாம் சார்."

"எப்படிப்பா அனுப்புவே? மூணு ஆபீசர் கையெழுத்து வச்சிருக்கான். ஒருத்தன் மாத்தலாகிப் போயிட்டான். திருத்தம்னு போனா எதுக்குடா திருத்தம்னு என்கொயரி வரும். காலே அடிபடலை, வேலைக்காகக் கதை கட்டறானுங்கம்பான். இவன் வேலையும் போகும், உன் வேலையும் போகும்."

"அப்ப என்ன சார் பண்றது?"

வரதராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஃபைலை மாத்த முடியாதுப்பா. கட்டை மாத்து."

கட்டை மாற்றினோம். வலது முழங்காலில் இருந்த கட்டு இடது முழங்காலுக்கு வந்தது. ஏழுமலை என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "கைக்குடா இப்டி பண்ணே?" என்று மட்டும் கேட்டான். கைக்கு என்றால் எங்கள் ஊர் உருதுவில் ஏன். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இனிமேல் எல்லார் முன்னாலும் இடது காலை நொண்ட வேண்டும். கரீம் பாய் இதைக் கார்னர் கிக் பயிற்சி மாதிரி எடுத்துக்கொண்டார். தினமும் மாலை, டீம் முழுக்க வரிசையாக உட்கார்ந்து பார்க்க, ஏழுமலை நொண்டிப் பழகுவான். டீக்கடைக்காரன் குரல் கேட்டால் மறந்துபோய் வலதை இழுத்துக்கொண்டு ஓடுவான்.

"நக்கோ நக்கோ! லெஃப்ட் லங்டாவ் மியான், லெஃப்ட்!" என்று கரீம் பாய் விசிலடிப்பார். வேண்டாம், இடதை நொண்டு என்று அர்த்தம்.

"ஹவ் பாய், ஹவ் பாய்" என்று தலையாட்டிக்கொண்டே இவன் கால் மாற்றுவான். அடிபட்ட கால் ஒன்று, நொண்டுகிற கால் ஒன்று என்று ஆனதால், அவன் நடந்து வந்தால் எருமை மேல் உட்கார்ந்து வருகிறவன் மாதிரி இருக்கும். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஒரு விஷயம் யாருக்கும் தோன்றவில்லை. இடதை நொண்டினால் பாரமெல்லாம் வலதில் இறங்கும். ஓய்வு தேவைப்பட்ட காலை நாங்கள் ஒரு மாதம் சுமைதூக்கி ஆக்கிவிட்டோம்.

போர்டு வந்தது. இரண்டு டாக்டர்கள். பெரியவர் இடது முழங்காலை மடக்கினார், நீட்டினார், சுத்தியலால் தட்டினார். அது குதிரை மாதிரி உதைத்தது.

"அற்புதம்! யார் வைத்தியம்?"

கரீம் பாய் எங்கள் திட்டத்தையெல்லாம் மறந்து, நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்தினார். "ஹம் சாப்!"

டாக்டர் ஃபைலில் எழுதினார்: இடது முழங்கால் முழுக் குணம், விளையாடத் தகுதி. ஏழுமலை குழப்பத்தில் வலது காலை இழுத்துக்கொண்டே வெளியே போனான். சின்ன டாக்டர் கவனித்துவிட்டார்.

"அந்தக் கால் ஏன் அப்படி?"

"பதட்டம் சார்" என்றார் வரதராஜுலு. ஆர்டரில் இல்லாத காலைப் பற்றி அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை.

நான்கு நாளில் கடிதம் வந்துவிட்டது. குணமாகிவிட்டதால் ஓய்வு இல்லை. பிப்ரவரியில் நடக்கும் டோர்னமெண்ட் ஃபைனலில் ஏழுமலை ஆட வேண்டும். ஆடினால் வேலை நிரந்தரம்.

ஃபைனல் அன்று டெண்ட்டில் அவன் ஷூ கட்டிக்கொண்டிருந்தான். வலது முழங்கால் பலாக்காய் மாதிரி இருந்தது.

"வேணாம்டா. நான் போய் உண்மையச் சொல்லிடறேன். என் வேலை போனாப் போவட்டும்."

"நீ உண்மையச் சொல்லி, அவுனுங்க அத்த ஃபைல்ல போட்டு, ஆறு காப்பி எடுத்து... அதுக்குள்ள மார்ச் வந்துரும் மச்சான். நைனா எங்க போவாரு?" நாடாவை இழுத்துக் கட்டினான். "நகரு. எண்ணெ வாசன உனக்கு ஆவாதுல்ல."

எதிரணி ஒரு பேங்க் டீம். நாங்கள் ஒரு கோல் பின்னால் இருந்தோம். கரீம் பாய் கடைசிப் பதினைந்து நிமிஷத்துக்குத்தான் அவனை இறக்கினார். ஷாமியானாவில் எங்கள் ஜெனரல் மேனேஜர். பேங்க்காரர்கள் சும்மா வரவில்லை, துப்பு விசாரித்து வந்திருந்தார்கள். ஏழுமலைக்கு இடது கால் போச்சு என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் அவனிடம் பந்து வரும்போதெல்லாம் இரண்டு பேர் வலதுபக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இடதுபக்கம் ரயில்வே கேட் மாதிரித் திறந்து கிடந்தது.

அவன் பந்தை இடது காலுக்கு எடுத்தான். ஒருவன் திரும்பி ஓடிவந்தான். அவனை உட்கார வைத்தான். இன்னொருவன் பாய்ந்தான், அவன் பாய்ந்து முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு வலது காலைத் தரையில் ஊன்றி இடது காலால் அடித்தான். கோல்கீப்பர் கையைக்கூடத் தூக்கவில்லை. வலை அசைந்தபோது மைதானம் முழுக்க எழுந்து கத்தியது. நானும் கத்தினேன். ஏழுமலை விழுந்த இடத்திலிருந்து எழவில்லை. ஊன்றிய கால் ஊன்றிய இடத்திலேயே முறிந்துபோயிருந்தது.

ஜெனரல் மேனேஜரே ஸ்ட்ரெச்சர் பக்கம் ஓடிவந்தார். கண்ணால் பார்த்துவிட்டார், இனி எந்த போர்டும் தேவையில்லை. ஒரே வாரத்தில் வேலை நிரந்தரம், டெஸ்பாட்ச் செக்‌ஷன். மார்ச்சில் குவார்ட்டர்ஸ். அவன் அதன்பிறகு பந்தைத் தொடவே இல்லை. இருபத்து நான்கு வயது.

குடிபோன அன்று போயிருந்தேன். அவன் அப்பா புதுக் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஏழுமலை ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எனக்கு மைசூர்பாகு எடுத்துக் கொடுத்தான். "நைனா, இவன்தான் எனக்கு வேல வாங்கிக் குடுத்தவன்" என்றான். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீ ஒழுங்கா அடிச்சிருந்தா இன்னும் பத்து வருஷம் ஆடிருப்பேன்டா" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அன்று ஆட்டம் டிராவில் முடிந்து, மறு ஆட்டத்தில் தோற்றோம். பேப்பரில் மறு ஆட்டம்தான் வந்தது. பின்னாளில் டீமைக் கலைத்தார்கள், மைதானத்தில் அபார்ட்மெண்ட் வந்தது, ஃபாக்டரிக்குப் பூட்டு விழுந்தது. கரீம் பாய் இல்லை, வரதராஜுலு இல்லை, போன வருஷத்திலிருந்து ஏழுமலையும் இல்லை. அந்தக் கோலைப் பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான் பாக்கி.

அந்தக் கோல் எழுத்திலாவது இருந்திருக்கலாம். அன்று ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில், அவன் பார்க்கிற திசையையே பார்த்து உட்கார்ந்து, விவரம் குறித்துக்கொண்டேன். மறுநாள் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அடித்தேன். நேரம், இடம், அடிபட்ட உறுப்பு: வலது முழங்கால். விபத்துக்கான காரணம் என்ற இடத்தில், இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு இடது காலால் கோல் போட்டபோது என்று அடித்தேன். வரதராஜுலு பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டார்.

"கோல் கீல் எல்லாம் இதுல வராதுப்பா. கீழே விழுந்தார்னு போடு, போதும்."

போட்டேன். ஆறு நகல்.