கரண்ட் அறையில் இன்னொருத்தி

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், கதை ஜோடிக்கத் தெரியாது. டாக்டரையே நம்பாதவன் பேயையா நம்புவேன்? ஆனால் இதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

என் வீட்டுக்காரிக்கு மார்பில் கட்டி. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள், கதிர் சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்வார்கள். அத்தனை ஊருக்கும் மிஷின் ஒன்றுதான். அதுவும் என்னைப் போலக் கிழடு, நாலு நாளைக்கு ஒருமுறை படுத்துக்கொள்ளும். காலையில் தொடங்கும் வரிசை இருட்டியும் முடியாது. எங்கள் முறை வரும்போது இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். அவள் நெஞ்சில் மையால் கோடு போட்டிருந்தார்கள். அது அழியக் கூடாதென்று தலைக்குத் தண்ணீர் ஊற்றியே பல நாளாகிவிட்டது.

அந்த அறைக்குள் நோயாளி மட்டும்தான் இருக்கலாம். கனத்த கதவைச் சாத்திவிட்டு, வெளியே ஒரு சின்ன டிவியில் மிஷின்காரர் பார்ப்பார். பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர். உள்ளே இருமினால் வெளியே கேட்கும்.

முதல் நாள், கதவு சாத்தியதும் அலறிவிட்டாள்.

"உயிரோட சமாதி கட்டுறாங்களே! என்னால முடியாது, வாங்க வீட்டுக்குப் போலாம்."

"பாட்டி, பாதியில விட்டா அறுத்ததும் வீண்தான். நோய் திரும்பி வரும்," என்றார் மிஷின்காரர்.

"யாருடா பாட்டி?" என்றாள், அந்த அழுகையிலும்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றேன். இதை முடிக்காவிட்டால் அவள் இல்லை. அது மட்டும் தெரிந்தது.

மறுநாள் உள்ளே போனவளிடமிருந்து சத்தமே இல்லை. டிவியைப் பார்த்தேன். ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தாள். அப்படித்தான் வைக்கச் சொல்வார்கள். இன்னொரு கை அவள் படுத்திருந்த மேசையில் இல்லை. காற்றில் நின்றது. விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன.

ஸ்பீக்கரில் மூச்சு கேட்டது... இரண்டு பேர் மூச்சு.

"உள்ள யாரு?"

"யாருமில்ல, பெரியவரே. பழைய ஸ்பீக்கர்." என் முகத்தைப் பார்க்காமல் சத்தத்தைக் குறைத்தார்.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "அந்தம்மா கையப் பிடிச்சுக்கிட்டாங்க. பயமே போயிடுச்சு."

எவரையோ ஒளித்து வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று உள்ளே புகுந்து பார்த்தேன். மேசை. மிஷின். வேறு கதவு இல்லை. மேசைக்கு அடியில் குனிந்தும் பார்த்துவிட்டேன்.

கடைசி நாள் வரை அப்படியே நடந்தது. வெளியே வரும்போது அந்தக் கை மட்டும் பனிக்கட்டியாக இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. கரண்ட் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

முடித்து வந்த அன்று அவள் சொன்னாள்:

"அடுத்தது உங்க மகளான்னு அந்தம்மா கேட்டாங்க."

எங்களுக்கு மகள் இருப்பதை அங்கே யாரிடமும் சொன்னதில்லை...

மறுவாரமே மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "எனக்கென்னப்பா, கல்லு மாதிரி இருக்கேன்," என்று சிரித்தாள். மிளகு அளவு கட்டி இருந்தது. நல்லவேளை, சீக்கிரம் வந்தீர்கள், பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர்.

அறுத்து முடிந்து, அவளுக்கும் கரண்ட்.

அதே அறை. அதே டிவி. பிழைத்தெழுந்த என் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மகளின் கை மேசையிலிருந்து எழும்பியது.

விரல்கள் மூடின.

மூச்சு... இரண்டு.

கதவு திறந்தது.

மகளுக்கு ஒரே பெண் குழந்தை. அவளை அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே நாங்கள் கொண்டுவந்ததில்லை. அங்கே அவள் பேச்சை எடுத்ததும் இல்லை.

"அடுத்தது யாருன்னு கேட்டாளா?" என்றேன்.

"இல்லப்பா..." மகள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு இப்ப என்ன வயசுன்னுதான் கேட்டாங்க."