வேன் வரும்வரை சிவப்பு இல்லை

நீலத்தில் தோய்த்த தூரிகையைத் தாளில் வைக்குமுன் கற்பகவல்லி ஒரு நொடி நிற்கிறார். தலை லேசாகத் தெற்கே சாய்கிறது. வெளியே சத்தம் எதுவும் இல்லை என்றால்தான் அடுத்த கோடு விழும். பகலில் டிவி போடுவதில்லை. சட்னி அரைப்பதையும் காலையில் கணவர் வேன் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறார். "மிக்சி ஓடுனா வெளிய என்ன சத்தம்னு தெரியாதுல்ல?"

சிவகாசிப் பக்கம் ஏழாயிரம்பண்ணையில் இரண்டு அறை வீடு. முன்னறை முழுக்க ஜப்பான். அந்த நாட்டில் முற்காலத்தில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஓவியங்களை, அசல் போலவே கையால் வரைந்து தருகிறார். வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு வாங்குகிறார்கள். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் சாமி படங்களுக்கு டச்சப் செய்து பழகிய கை. வானம் மேலே அடர்ந்து கீழே வெளிற வேண்டுமென்றால் தாளை நனைத்து, பழைய வேட்டித் துணியால் நிறத்தைக் கீழே இழுக்கிறார். பிறகு காய்ந்த தூரிகையால் அசலில் பதிந்த மரக்கட்டை ரேகைகளை மெல்ல வரைகிறார்.

படகுகளின் மேல் பெரிய அலை எழும்பி நிற்கும் படத்துக்கு அவர் வைத்த பெயர் 'நகம் வச்ச அலை'. "திருச்செந்தூர்ல கடல் பாத்தேன், இம்புட்டு கோவம் இல்ல. படகுல இருக்கவுகளப் பாருங்க, எப்பிடிக் குனிஞ்சு கெடக்காக! இவுக வீட்டுப் பொம்பளைக கரையில என்ன பாடுபட்டாளுகளோ."

சிவப்பு டப்பாவின் மூடி மட்டும் பகலில் திறக்கப்படாது. கணவர் கருத்தப்பாண்டி ஊருக்குத் தெற்கே உள்ள பட்டாசு ஆலையில், வெடிமருந்து கலக்கும் அறையில் இருக்கிறார். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நாலு மணிக்கு வேன் வந்து அவரை இறக்கிவிட்ட பிறகுதான் வீட்டில் சிவப்பு.

"எந்தம்பி அன்பரசன் வெடி விபத்துல போனான். சேதி வந்தப்ப நான் அம்மன் சேலைக்குச் சிவப்பு அடிச்சுக்கிட்டிருந்தேன். கையக்கூடக் கழுவாம ஓடுனேன். ஆஸ்பத்திரில நர்சம்மா என் கையப் புடிச்சு இழுத்து, உக்காரு கட்டுப் போடணும்ங்குது. எனக்கில்ல தாயி, எனக்கில்லன்னு கத்துறேன், விடவே மாட்டேங்குது." நீலத்தைக் கலக்குகிறார்.

கருத்தப்பாண்டி கேலி செய்வாராம், உன் பெயிண்டுக்கும் என் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று. "சம்பந்தம் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, தெறக்கேன்னேன். போடல மனுசன்."

இன்று பலகையில் இருப்பது செம்மலை, ஜப்பான் மலை ஒன்று வெயிலில் சிவந்து நிற்கும் படம். மேகம் வரி வரியாய் ஓடும் நீல வானம் முடிந்தது, அடிவாரத்துப் பச்சைக் காடு முடிந்தது. நடுவே மலை மட்டும் வெள்ளைத் தாளாக நிற்கிறது. மதுரையில் வீட்டு அலங்காரக் கடை வைத்திருக்கும் பிரீத்திகாவின் ஆர்டர். நாளைக் காலை ஒரு புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குள் சுவரில் ஏற வேண்டும். இன்று ஆறு மணி பஸ்ஸில் போட்டால்தான் போய்ச் சேரும். இது பிடித்துவிட்டால் மாதாமாதம் படம் எடுத்துக்கொள்வதாகப் பிரீத்திகா சொல்லியிருக்கிறார். "அது மட்டும் அமைஞ்சுட்டா, மறுநாளே இவுகள வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்."

மூன்று மணிக்கு மேல் அந்தச் சத்தம். காதில் கேட்பதற்குள் காலுக்கடியில் தெரிந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது.

அவர் மாடிக்கு ஓடும்போது தெருவின் எல்லா மாடியிலும் பெண்கள் நின்றிருந்தார்கள். யார் கையிலும் போன் இல்லை. அடித்தாலும் உள்ளே இருப்பவர்கள் எடுக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாடியில் மாரித்தாய். அவருடைய மருமகளும் அதே வேனில்தான் போகிறாள்.

"மதினி, புகை தெக்கயா, மேக்கயா?" என்று கேட்டார் கற்பகவல்லி.

"மேக்க மாதிரிதான் தெரியுது. காத்து இழுத்திருக்கும்டி, நம்பிறாத."

"வாயக் கழுவுங்க மதினி."

நாலு மணிக்கு வேன் வரவில்லை. நாலரைக்குப் பிரீத்திகாவின் அழைப்பு வந்தது. "அக்கா, பஸ்ல போட்டுட்டீங்களா? வரலைன்னா கடையில ஒரு பிரிண்ட் போட்டு மாட்டிக்கிறோம்னு வீட்டுக்காரங்க சொல்றாங்க. அப்புறம் எனக்குப் பேச மூஞ்சி இருக்காது."

"போட்டுருதேன் பாப்பா."

போனை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். வெள்ளை மலையைப் பார்த்தார். சிவப்பு டப்பாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார்.

உச்சியில் அடர்த்தியாக வைத்து, சரிவில் நிறத்தை இழுத்துக்கொண்டு வந்தார். கால் விரல்கள் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. ஒரு இழுப்பு, எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவல். அடுத்த இழுப்பு, மறுபடி சோப்பு. மலை முடியும்வரை ஒரு தடவையும் கழுவாமல் விடவில்லை.

ஃபேனுக்கு அடியில் காயவைத்து, சுருட்டி, பிளாஸ்டிக் குழாயில் போட்டு எடுத்துக்கொண்டு நடந்தார். வேன் நிற்கும் இடமும் பஸ் நிற்கும் இடமும் ஒன்றுதான். அங்கே தெருவே கூடியிருந்தது. கண்டக்டர் குழாயை வாங்கிச் சீட்டுக்கடியில் செருகினார். பஸ் போய்விட்டது. ரோடு காலியாகக் கிடந்தது.

வேன் வந்தபோது முகப்பு விளக்கு போட்டிருந்தது. "வேற கம்பெனியில வெடிச்சிருக்கு. ரோட்ட மறிச்சுட்டாக, தீயணைப்பு வண்டி நிக்குது" என்றார் டிரைவர். "ஆளு சேதாரமா?" என்று யாரோ கேட்டார்கள். டிரைவர் கதவை இழுத்துத் திறந்தார். மாரித்தாயின் மருமகள் முதலில் குதித்தாள்.

கருத்தப்பாண்டி கடைசியாக இறங்கினார். காது மடலில் வெள்ளி நிற மருந்துத் தூள் ஒட்டியிருந்தது. "என்ன புள்ள, படம் போயிருச்சா?" என்று சிரிக்கப் பார்த்தார்.

கற்பகவல்லி அவருடைய வலது கையைப் பிடித்து, முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளினார்.

"ஆத்தீ! வலிக்குது புள்ள!"

"இந்தக் கை?" என்று இடது கையையும் பிடித்துக் கிள்ளினார்.